ஒரு சிறுதானிய பிராண்ட், ஒரு சின்ன பி.ஆர். கம்பெனி, நின்றுபோன ஐந்து பில்கள்

உணவு, விவசாயம், சுற்றுச்சூழல் இந்த மூன்றுக்கு மட்டும் மக்கள் தொடர்பு வேலை செய்வது என்று முடிவெடுத்து, கோவையில் ஒரு சின்ன பி.ஆர். கம்பெனி நடத்தி வருகிறேன். 2023-லிருந்து 2025 வரை ஒரே ஒரு கிளையன்டால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பணம் போனது ஒரு பக்கம். வருடக்கணக்கில் பழகிய நிருபர்கள் என் மெயிலைத் திறக்க யோசித்தது இன்னொரு பக்கம். அந்தச் சமயத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. பெரிய ஏஜென்சிகளில் சட்டம் பார்க்க ஆள் இருக்கிறார்கள், வசூலுக்குத் தனியாக ஆள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று பேரை வைத்து நடத்துகிறவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது. அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து, ரூபாய்க் கணக்கோடு எழுதுகிறேன். இதே துறையில் புதிதாக இறங்குகிற ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில் வேலை பார்த்தவள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அதையொட்டி பாக்குமட்டைத் தட்டு செய்கிறவர்கள், துணிப்பை தைக்கிற மகளிர் குழுக்கள், செக்கு எண்ணெய் ஆட்டுகிறவர்கள் என்று நிறையப் பேர் "எங்களைப் பத்தி ஒரு செய்தி போடுங்க" என்று பத்திரிகை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். அவர்களிடம் விஷயம் இருந்தது. ஆனால் நான்கு பக்க மனுவில் உண்மையான செய்தி மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடக்கும். அதை எடுத்து முதல் வரியில் வைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டு அந்த ஆளாக நானே ஆனேன். ஆரம்பத்தில் மாதம் 15,000, 20,000 ரூபாய் ரீடெய்னர், அதாவது மாதாமாதம் வாங்கும் நிலையான கட்டணம். ஒரு பாக்குமட்டை யூனிட், ஒரு மரச்செக்குக் கடை, நொய்யல் ஓரத்துக் குளங்களைத் தூர்வாரும் ஒரு குழு. குழுவிடம் பாதிக் கட்டணம்தான் வாங்கினேன், அதை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்தத் துறையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதில் ஒரு கஷ்டம் உண்டு. வருகிற எல்லோரையும் எடுத்துக்கொள்ள முடியாது. சாயக்கழிவால் நொய்யல் கெட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கழிவை ஒரு சொட்டும் வெளியேவிடாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்படிப்பட்ட ஊரில், குளம் காக்கும் குழுவுக்கும் எழுதிக்கொண்டு, கழிவுநீர்ப் புகார் நிலுவையில் இருக்கும் ஒரு கம்பெனியின் மரக்கன்று விழாவுக்கும் எழுத முடியாது. அப்படி ஒரு கம்பெனி மாதம் 60,000 ரூபாய் தருவதாக வந்தது. வேண்டாம் என்றேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் இப்படி ஒவ்வொருவரையும் வடிகட்டிக்கொண்டே போனால், மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று கிளையன்டுகளின் மேல் மொத்தப் பாரமும் விழும். கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும். ஒரே கிளையன்ட் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அடுத்த கிளையன்டைத் தேடுவதுதான் அந்த மாதத்தின் முதல் வேலை என்று இப்போது வைத்திருக்கிறேன்.

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. இந்தியா முன்மொழிய, ஐ.நா. பொதுச்சபை 2021-லேயே அறிவித்துவிட்டது. அந்த வருடம் சாமை நூடுல்ஸ், வரகு பிஸ்கட், கம்பு குக்கீஸ் என்று எங்கே பார்த்தாலும் புது பிராண்ட். அந்த அலையில்தான் வெளிமாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சிறுதானிய உணவுக் கம்பெனி என்னைத் தேடி வந்தது. முதலீட்டாளர் பணம் உள்ளே வந்திருந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாதம் 1,25,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். அதுவரை அப்படி ஒரு தொகையை நான் கேட்டதே இல்லை. ஒப்பந்தம் போட்டோம். பில் கொடுத்து 45 நாளுக்குள் பணம் என்று எழுதியிருந்தது. இரண்டு பேரை வேலைக்கு வைத்தேன். ஒரு பெண்ணுக்கு 22,000, ஒரு பையனுக்கு 18,000 சம்பளம். மார்ச் முதல் மே வரை பணம் சரியான தேதிக்கு வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கிய கடைசி மூன்று மாதங்கள் அவை.

ஜூனில் புதிதாக ஒரு சத்துமாவை இறக்கினார்கள். செய்திக்குறிப்புக்காக அவர்கள் அனுப்பிய குறிப்பில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும். இரண்டு, முழுக்க முழுக்க ஆர்கானிக். மூன்று, மண்ணில் போட்டால் மக்கிவிடும் கவர். மூன்றுக்கும் காகிதம் கேட்டேன். மார்க்கெட்டிங் தலைவர் சின்னப் பையன், நல்ல துடிப்பானவர். "மேடம், எல்லா பிராண்டும் இதைத்தானே போடுறாங்க, நாம மட்டும் ஏன் பயப்படணும்?" என்றார். பயப்பட வேண்டிய காரணத்தை அவருக்கு விளக்கியதை இங்கேயும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உணவுக்கு பி.ஆர். செய்கிற பலருக்கு இது தெரிவதில்லை.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இல் விளம்பரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறை மிக அகலமானது. அச்சு, இணையம், அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், பில் வரைக்கும் அதில் அடங்கும். நான் அனுப்புவது செய்திக்குறிப்புதான், விளம்பரம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்பி உட்கார முடியாது. அதே சட்டத்தின் 53-வது பிரிவு, தவறான விளம்பரத்தை வெளியிடுகிறவருக்கு மட்டுமல்ல, வெளியீட்டில் பங்கு உள்ளவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று உணவுப்பொருளுக்குச் சொல்லக் கூடாது என்று 2018-இல் வந்த விளம்பரம், உரிமைகோரல் விதிமுறைகளும் சொல்கின்றன. சர்க்கரை நோய் என்றால் 1954-ஆம் வருட மருந்து, மாய நிவாரணச் சட்டமும் கூடவே வரும், அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. சொல்ல அனுமதி உள்ளவற்றுக்கும் அளவு உண்டு. திடப்பொருள் 100 கிராமில் குறைந்தது 3 கிராம் நார்ச்சத்து இருந்தால்தான் நார்ச்சத்து உள்ளது என்று சொல்லலாம். 6 கிராம் இருந்தால்தான் நார்ச்சத்து மிகுந்தது எனலாம்.

அவர்கள் ஒரு லேப் ரிப்போர்ட் அனுப்பினார்கள். லேப் ரிப்போர்ட் என்றால் நம்மில் பலர் முத்திரையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மேலே சாம்பிளின் பெயரும் பேட்ச் நம்பரும் இருக்கும். நமக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் இருந்தது வேறொரு பொருளின் பெயர், சத்துமாவே இல்லை. சாம்பிளை லேப் ஆட்கள் எடுத்தார்களா, கம்பெனியே கொண்டுவந்து கொடுத்ததா என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதையும் பாருங்கள். சோதனைக்கூடங்களுக்குத் தேசிய அளவில் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரிப்போர்ட்டில் புரதமும் நார்ச்சத்தும் இருந்தன, ரத்தச் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பது ஆட்களைச் சாப்பிட வைத்து, நேர இடைவெளியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வது. பாக்கெட்டை லேபுக்கு அனுப்பினால் வருகிற எண் இல்லை அது. அதோடு, முழுத் தானியமாகச் சமைப்பதும் நைஸாக அரைத்த மாவாகக் கரைத்துக் குடிப்பதும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்யாது. என் அப்பாவுக்குச் சர்க்கரை. பேப்பரில் வந்த ஒரு வரியை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொள்கிற ஆட்களை வீட்டிலேயே பார்த்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் என்னால் வர முடியாது.

ஆர்கானிக் என்று சொல்வதற்கு, 2017 ஆர்கானிக் உணவு விதிமுறைப்படி, தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். இந்தியா சான்றோ வேண்டும். சான்று யார் பெயரில், எந்த விளைபொருளுக்கு, எந்தத் தேதி வரை என்பதையும் பார்க்க வேண்டும். இவர்களிடம் இருந்தது ஒரு விவசாயி குழுவின் பழைய சான்று. மாவில் இருந்த தானியங்களில் பாதி அதில் இல்லை. கவர் விஷயம் இன்னும் மோசம். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க, ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்க வேண்டும். அந்தத் தரமே தொழிற்கூட உரமாக்கலின் வெப்பத்தில் மக்குவதைத்தான் சொல்கிறது. வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் மக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. கவர் தயாரித்துக் கொடுத்தவரின் பெயரைக் கேட்டேன். கடைசிவரை தரவில்லை.

மூன்று வரிகளையும் எடுத்துவிட்டு, நார்ச்சத்து அளவையும் எந்த மாவட்டத்து விவசாயிகளிடம் தானியம் வாங்குகிறார்கள் என்பதையும் வைத்து ஒரு செய்திக்குறிப்பு எழுதினேன். உண்மையைச் சொன்னால் அதுதான் நல்ல செய்தியாகவும் இருந்தது. மெயிலில் அனுப்பி, ஒப்புதலும் மெயிலில் வாங்கினேன். நான் அனுப்பியது அதுதான். செப்டம்பரில் அவர்கள் ஆபீஸிலிருந்து, என் கம்பெனி லெட்டர்ஹெட்டிலேயே, தொடர்புக்கு என் பெயரும் நம்பரும் போட்டு, அந்த மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்து, நான் அறிமுகப்படுத்திய நிருபர்களுக்கே நேரடியாக அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நகல்கூட வரவில்லை. ஒரு செய்தித் தளத்திலும் ஒரு பேப்பரின் மாவட்டப் பக்கத்திலும் அப்படியே வந்துவிட்டது. சில நாளில் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அங்கிருந்து முதல் போன் வந்தது எனக்குத்தான், தொடர்பு எண் என்னுடையது அல்லவா.

அன்று சாயங்காலம் அந்தச் செய்தியைப் போட்ட நிருபர் தம்பியும் கூப்பிட்டார். "அக்கா, உங்க பேர் இருந்துச்சுங்க, அதனாலதான் ஒரு கேள்வியும் கேக்காமப் போட்டேன்" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. செய்தி ஆசிரியரிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அனுப்பிய மூலக் குறிப்பு, ஒப்புதல் மெயில், சான்று கேட்டு நான் எழுதிய மெயில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி எடுத்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் கொடுத்தேன், அந்தத் தம்பிக்கும் அனுப்பினேன். அந்தக் காகிதங்கள்தான் என்னைக் காப்பாற்றின. வாட்ஸ்அப்பில் பேசியதை அன்றன்றைக்கே ஒரு மெயிலாகப் போட்டுவிடும் பழக்கம் டெஸ்க்கிலிருந்து ஒட்டிக்கொண்டது. "இன்று போனில் பேசியபடி, இந்த மூன்று கூற்றுகளுக்கும் சான்று வரும்வரை அவற்றைச் சேர்க்கவில்லை" என்று இரண்டு வரி போதும். இப்போது எந்தச் செய்திக்குறிப்பையும் கிளையன்டுக்கு வேர்ட் கோப்பாகக் கொடுப்பதில்லை, பி.டி.எஃப். மட்டும்தான். லெட்டர்ஹெட்டையும் நிருபர் பட்டியலையும் எங்கள் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தினால் அதன் விளைவு முழுக்க அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. நிருபர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், என் மெயில் ஐ.டி.யிலிருந்து வராத எதுவும் என்னுடையது இல்லை என்று.

இதற்குப் பிறகுதான் பணக் கதை. ஜூன் பில்லிலிருந்தே பணம் வரவில்லை. "ஃபண்டிங் ரவுண்ட் போயிட்டிருக்கு மேடம், அடுத்த வாரம்" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார்கள். அக்டோபர் வரை வேலை செய்தேன். சிக்கல் வந்ததும் அவர்கள் பேச்சு மாறியது. நெருக்கடியை நீங்கள் சரியாகக் கையாளவில்லை, கிடைத்த கவரேஜுக்கும் மதிப்பு இல்லை, அதனால் பணம் தர முடியாது என்று ஒரு மெயில் வந்தது. மதிப்பு என்று அவர்கள் சொன்னது, செய்தி வந்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று போடும் கணக்கு. அந்தக் கணக்கு பி.ஆர். வேலையின் மதிப்பைக் காட்டாது என்று இந்தத் தொழிலின் சர்வதேச அமைப்புகளே 2010-இல் பார்சிலோனாவில் கூடி அறிவித்துவிட்டன. ஆனாலும் கிளையன்டுகள் அதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை செய்தி வரும், எத்தனை சென்டிமீட்டர் வரும் என்று எழுத்தில் உறுதி கொடுக்கவே கொடுக்காதீர்கள். எத்தனை குறிப்பு எழுதுவோம், எத்தனை சந்திப்பு ஏற்பாடு செய்வோம், எதை எப்போது ஒப்படைப்போம் என்று நம் கையில் இருக்கும் வேலையை மட்டும் எழுதுங்கள். என் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, பின்னால் அது பெரிய உதவியாக இருந்தது.

கணக்கு இதுதான். ஐந்து மாதம் 1,25,000 வீதம் 6,25,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,12,500. வருமான வரிக்காக அவர்கள் பிடித்துக் கட்டும் டி.டி.எஸ். 10 சதவீதம் போக என் கைக்கு வர வேண்டியது 6,75,000. அது போக அறிமுக நிகழ்ச்சிக்கு ஹால், போட்டோகிராபர், நிருபர்களுக்கு வண்டி, கூரியர் என்று அவர்கள் வாய்வார்த்தையை நம்பி என் கையிலிருந்து செலவழித்தது 1,84,000. ஜி.எஸ்.டி.யில் ஒரு கொடுமை இருக்கிறது. பில் போட்டுவிட்டால், பணம் வந்ததோ இல்லையோ, வரியை நாம் கட்டியாக வேண்டும். வராக்கடன் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. வராத பணத்துக்கு 1,12,500 ரூபாய் வரி கட்டினேன். சம்பளம் கொடுக்க நகையை வங்கியில் வைத்து 3 லட்சம் வாங்கினேன். வீட்டில் அப்பாவிடம் சொல்லவில்லை. நான் வேலைக்கு வைத்த பையன் தீபாவளி முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளித்தான் கொடுத்தேன். அந்த நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பேங்க் ஆப்பைத் திறந்து பார்ப்பேன். ராத்திரியில் எந்தக் கம்பெனியும் பணம் போடாது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

என் ஆடிட்டர்தான் வழி காட்டினார். முதலில் வருமான வரித்துறைத் தளத்தில், நம் பெயரில் யார் எவ்வளவு டி.டி.எஸ். கட்டினார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை இறக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், தர மாட்டோம் என்று மெயில் போட்ட அதே பில்களுக்கு அவர்கள் டி.டி.எஸ். பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் புத்தகத்தில் என் பில் செலவாக ஏறிவிட்டது. கடனை ஒப்புக்கொண்டதற்கு அது ஒன்றே முழு ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் வேலையே சரியில்லை என்று சொல்கிறவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. இரண்டாவது, என் ஜி.எஸ்.டி. பில்லை வைத்து அவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருப்பார்கள், அதாவது அந்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்திருப்பார்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை நினைவூட்டி, மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இல்லாமல், கணக்குப் பிரிவுக்கு மெயில் போட்டேன். அதுவரை பதிலே போடாத கம்பெனியிலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது.

மூன்றாவதுதான் முக்கியம், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் இலவசம், ஏஜென்ட் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 2021-இல் ஒரு வங்கிக் கடனுக்காக எடுத்து வைத்திருந்தேன். வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய் எடுத்தால் பழைய பில்லுக்கு அது செல்லுமா என்றே வாதம் வரும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு இருந்தால், 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டுவட்டியாக. 2023-இல் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. அதோடு 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புது உட்பிரிவு சேர்ந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். 2024 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து என் உத்யம் சான்றைக் கேட்டு அவர்களாகவே கூப்பிட்டார்கள். அதனால் இப்போது எல்லா பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுகிறேன்.

அதற்கு முந்தைய மாதமே, பாக்கிப் பணத்துக்காகக் குறு, சிறு நிறுவனங்கள் புகார் கொடுக்க அரசு வைத்திருந்த சமாதான் தளத்தில் புகார் பதிந்திருந்தேன். ஒப்பந்தம், பில்கள், அனுப்பியதற்கான மெயில்கள், வேலை செய்ததற்கான கிளிப்பிங்குகள், உத்யம் சான்று, 26ஏஎஸ் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்தேன். வெளிமாநிலக் கம்பெனி என்பதால் அங்கே போய் அலைய வேண்டுமோ என்ற பயம்தான் என்னை முதலில் தடுத்தது. அப்படி இல்லை. சரக்கோ சேவையோ கொடுத்தவர் எந்த ஊரோ அந்தப் பகுதியில் இந்தப் புகார்களுக்கென இருக்கும் மன்றமே விசாரிக்கலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது, நடைமுறையில் அதைவிட நிறையவே இழுத்தது. முதல் சமரசப் பேச்சுக்கு அவர்கள் வரவே இல்லை. பிறகு வக்கீலோடு வந்தார்கள். தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்து கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்ற விதி இருப்பது அவர்கள் வக்கீலுக்கும் தெரியும். 2025 தொடக்கத்தில் 5,50,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார்கள், இரண்டு தவணை. வட்டி இல்லை. இன்னும் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். நகைக்கடன் ஓடிக்கொண்டிருந்தது, அப்பாவுக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பில்லில் விட்டது 1,25,000. கைச்செலவு 1,84,000 முழுக்கப் போனது, முன்கூட்டியே மெயில் ஒப்புதல் இல்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். நகைக்கடன் வட்டியையும் சேர்த்தால் மூன்றரை லட்சத்தை ஒட்டி நஷ்டம். இப்போது ஹால், போட்டோகிராபர், அச்சகம் எல்லாம் கிளையன்ட் பெயரிலேயே பில், அவர்களே நேரடியாகக் கட்ட வேண்டும். ரீடெய்னர் மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாக வர வேண்டும். முதலில் ஒரு முன்கோரல் (ப்ரோஃபார்மா) பில் அனுப்புவோம், பணம் வந்த பிறகுதான் ஜி.எஸ்.டி. பில் போடுவோம். பணம் வந்த மாதத்தில் வரி கட்டினால் போதும்படி ஆகிவிடுகிறது. இதற்கு ஒத்துக்கொள்ளாமல் சில பேர் போனார்கள். போகட்டும். இரண்டு மாதம் பாக்கி வைத்தால் மூன்றாவது மாதம் வேலை நிற்கும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்.

சான்று கேட்பதும் இப்போது முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது. சுற்றுச்சூழல் குறித்த உரிமைகோரல்களுக்கு விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ. 2024 பிப்ரவரியிலிருந்து தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதே வருடம் அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், ஆதாரமில்லாமல் சூழலுக்கு நல்லது என்று காட்டிக்கொள்ளும் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. சூழலுக்கு உகந்தது, பசுமையானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பொருளா, பேக்கிங்கா, தயாரிப்பு முறையா, எது என்று சொல்ல வேண்டும், ஆதாரத்தையும் காட்ட வேண்டும். விளம்பர ஏஜென்சிகளும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். முன்பெல்லாம் கிளையன்டிடம் காகிதம் கேட்டால் நம்பிக்கை இல்லாதவள் என்று நினைப்பார்கள். இப்போது அரசாங்கமே கேட்கிறது என்று அந்த வழிகாட்டுதலை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறேன். நல்ல கம்பெனிகள் அன்றைக்கே கொடுத்துவிடுகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் செய்கிற ஒருவர், நான் கேட்காத தண்ணீர்ச் சோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஆட்களுக்கு எழுதுவதற்காகத்தானே இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

செய்தி அனுப்பும் காலத்தைப் பற்றியும் ஒன்று. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று எல்லா டெஸ்க்கிலும் மரக்கன்றுப் படம் குவிந்து கிடக்கும், உங்கள் குறிப்பு அதில் காணாமல் போகும். குளம் தூர்வாரியதை ஏப்ரல், மே வறட்சியில் அனுப்புங்கள், மழை வந்து குளம் நிரம்பியதும் மறுபடி அனுப்புங்கள். சிறுதானியச் செய்தியைப் பொங்கல் வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள், அறுவடை நடக்கும்போது வயலுக்கே நிருபரைக் கூட்டிப் போங்கள். பிரஸ் மீட்டில் நிருபர்களுக்குப் பணக் கவர் கொடுக்கச் சொல்லும் கிளையன்டை அங்கேயே நிறுத்துங்கள். வாங்காத நிருபர்தான் நாளைக்கு உங்கள் செய்தியை நம்பி எடுப்பார். அந்த நிருபர் தம்பி போன மாதம் குளத்துக் குழுவின் செய்தியை எடுத்தார், எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்கட்டும், அதுதான் சரி.

இப்போது யாராவது இதே மாதிரி பாக்கியில் மாட்டிக்கொண்டிருந்தால், வருத்தப்பட்டு மெயில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்த வாரமே 26ஏஎஸ்-ஐ இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பில்லின் தேதிக்கும் எதிரே 45-வது நாளையும் 180-வது நாளையும் எழுதி வையுங்கள். பாக்கி என்று ஒப்புக்கொண்டு அவர்கள் அனுப்பிய மெசேஜ் ஏதாவது இருந்தால் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு, அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும். இந்தப் புகாரைப் பதிய வக்கீல் அவசியமில்லை, நானே உட்கார்ந்து பதிந்தேன். கோப்புகளைத் தயார் செய்யத்தான் நேரம் பிடிக்கும்.